பையில் கிடந்த ஒற்றைத் தோட்டா: விமானம் ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறருடைய பழைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பயணம் போகிறவர்களும் படிக்க வேண்டும். ஓர் அங்குல நீளமுள்ள ஒரு தோட்டா, அது இருப்பதே தெரியாமல் நான் சுமந்துகொண்டிருந்த ஒன்று, ஏறத்தாழ ஓராண்டு நிம்மதியையும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டது. பணத்தைக்கூட மறந்துவிடுவேன். மகளின் இரண்டாவது பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க முடியாமல் போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் நான் தனியாகத் தவித்தேன். தெரிந்தவர் யாராவது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

நான் சென்னை நங்கநல்லூரில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் குடும்பத்தோடு இருக்கிறாள். சென்ற முறை அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தேன். மீன்பிடித் தூண்டிலும் கூடாரமும் விற்கும் கடையிலேயே அடுத்த வரிசையில் துப்பாக்கிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தோட்டாப் பெட்டிகள் விலைச்சீட்டோடு அடுக்கில் இருந்தன. சில கடைகளின் வாசலில் 30.06, 30.07 என்று எண் போட்ட அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து மகளிடம் கேட்டேன். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களாம் அவை. கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டும் வராதே, வெளியே தெரியும்படியும் வராதே என்று கடைக்காரர் சொல்வதற்காக வைப்பது. பலகை வைக்காத கடைக்குள் எடுத்துக்கொண்டு வரலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பியவர், வேறு சட்டத் தடை ஏதும் இல்லாதிருந்தால், உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம்.

பக்கத்து ஊரான ஆலனில் பெரிய கடைவளாகம் ஒன்று இருக்கிறது. தள்ளுபடி விலையில் துணி எடுக்க நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் போவார்கள். 2023 மே 6 அன்று அங்கே ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். இந்தியாவிலிருந்து போய் அங்கே வேலை பார்த்துவந்த இளம் பொறியாளர் பெண் ஒருவரும் அதில் ஒருவர். அந்த வளாகத்துக்கு மகள் என்னை அழைத்துப்போனபோது என் கால் உள்ளே போக மறுத்தது. அதைவிட என் பேத்தி சொன்னதுதான் மனத்தை அறுத்தது. பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு, கதவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், சத்தம் போடாமல் உட்காரப் பழக்குகிறார்களாம். "இருமல் வந்தால் என்ன செய்வது பாட்டி?" என்று அந்தக் குழந்தை என்னிடம் கேட்டது. அதே மாநிலத்தில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 2022-ல் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டதை நான் நாளிதழில் படித்திருந்தேன். படித்ததும் பேத்தியின் கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்தபோது அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு உண்டு. அலுவலக நண்பர்களோடு எப்போதாவது துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்துக்குப் போவார். வீட்டில் துப்பாக்கி கிடையாது. நான் கிளம்பும்போது, "அத்தை, இந்தத் தோள்பை கனமில்லாமல் இருக்கும், உங்களுக்கு ஊரில் பயன்படும்" என்று அவர் பயன்படுத்திய பையைக் கொடுத்தார். அன்பாகக் கொடுத்தது. அதை மடித்துப் பெரிய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். அந்தப் பையின் அடிப்பக்கத்தில் உள்துணி கொஞ்சம் பிரிந்திருந்தது. ஒருநாள் பயிற்சிக்கூடத்தில் உதிரியாகப் போட்ட .22 ரகத் தோட்டா ஒன்று அந்தப் பிரிவுக்குள் நழுவி, துணிக்கும் வெளித்தோலுக்கும் நடுவில் போய்த் தங்கியிருக்கிறது. கடல் கடந்து வந்தபோது எந்தச் சோதனையிலும் அது சிக்கவில்லை. சரக்கோடு போகும் பெட்டியில் முக்கியமாக வெடிபொருளைத்தான் தேடுவார்கள், பெட்டிகள் நடுவில் ஒரு தோட்டா தப்பிவிடலாம், கைப்பையை அப்படி விடமாட்டார்கள் என்று வழக்கறிஞர் பிற்பாடு சொன்னார். ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியம் கொள்ளாதீர்கள். இத்தகைய வழக்குகளில் சில, பல மாதங்கள் கழித்து, உள்நாட்டு விமானத்துக்குப் போகும்போதுதான் வெளிப்படுகின்றனவாம்.

எனக்கும் அப்படித்தான். அண்ணன் மகனின் நிச்சயதார்த்தத்துக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. எக்ஸ்ரே இயந்திரத்தில் பை போய்த் திரும்பி வந்து மறுபடியும் போனது. பாதுகாப்புப் படை வீரர் ஒருவர், "அம்மா, இது உங்கள் பையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையைத் தனியே எடுத்துவைத்து, மேலதிகாரியை அழைத்து, என் கண்ணெதிரே காலி செய்தார்கள். புடவை, மாத்திரை டப்பா, மணமக்களுக்கு வாங்கிய வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாம் மேஜை மேல் வந்தன. கடைசியில் உள்துணிக்குள் விரலை விட்டு அதை எடுத்தார்கள். எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பித்தளை நிறத்தில் ஏதோ பேனா முனைபோல இருந்தது. "தோட்டா" என்று அவர் சொன்னதும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீரர்கள் யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. உட்கார நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. எழுத்துமூலம் புகார் எழுதி, பொருளோடும் ஆளோடும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். நான் போக வேண்டிய விமானம் போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் சில மணி நேரத்தில் நடப்பதுதான் பிற்பாடு வழக்கின் தலையெழுத்தை எழுதுகிறது. அழலாம், தவறில்லை, நானும் அழுதேன். ஆனால் பையைப் பிடுங்குவது, "என் பை இல்லை" என்று பயத்தில் மறுப்பது, விவரம் தெரிவதற்கு முன்பே கதை சொல்வது, இவை மூன்றையும் செய்யாதீர்கள். பை யாருடையது, எப்போது வந்தது, தோட்டா இருப்பது உங்களுக்குத் தெரியாது என்ற மூன்று செய்திகளை மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொல்லுங்கள். கைப்பற்றியதற்கான மகஜரில் தோட்டா எந்த இடத்தில் கிடைத்தது என்பது எழுதப்பட வேண்டும். "பையில்" என்று பொதுவாக எழுதுவதற்கும் "பிரிந்த உள்துணிக்குள்" என்று எழுதுவதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. வங்கியில் காகிதம் பார்த்துப் பழகிய கை என்பதால் நான் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். அதிகாரியும் சேர்த்தார். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

காவல் நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. 1959-ல் இயற்றப்பட்ட சட்டம் அது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலும் தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்ற வகையில் வருகிறது. இதை ஆய்வாளர் வாயால் கேட்டபோது என் காது அடைத்துப்போனது. வாழ்நாளில் போக்குவரத்து அபராதம்கூடக் கட்டாதவள் நான். ஆனால் ஜாமீன் கிடையாது என்ற சொல்லுக்கு உடனே சிறை என்று பொருள் இல்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் இல்லாமல் கைது செய்யக்கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவில், கைது செய்யாமல் விசாரணைக்கு வரச்சொல்லி அறிவிப்பு கொடுக்க வழி இருக்கிறது. எனக்கும் அந்த அறிவிப்பைத்தான் கொடுத்தார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அழைக்கும்போதெல்லாம் தவறாமல் போங்கள். நீங்கள் கைது செய்யப்பட்டவரா, அறிவிப்பு பெற்றவரா என்ற வேறுபாடு பின்னால் வெளிநாட்டு விசா விண்ணப்பத்தில் பதில் எழுதும்போது மிகப் பெரியதாகிவிடும். அமெரிக்க விசா படிவத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுவது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்களை, விதிவிலக்கான சூழ்நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இருந்தாலன்றி, கைது செய்யக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இது எனக்கு அன்று தெரிந்திருந்தால், இருட்டிய பிறகு அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மாப்பிள்ளை உடைந்துவிட்டார். "என்னால்தான் அத்தை, நான் கிளம்பி வருகிறேன்" என்று அழுதார். மகள் கருவுற்றிருந்த நேரம் அது. அவளைத் தனியே விட்டுவிட்டு வர வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாத ஒரு குடும்பத்தில், ஒவ்வொருவரும் அவரவர் மனத்துக்குள் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தோம்.

முதலில் அமர்த்திய வழக்கறிஞர் உறவினர் ஒருவர் சொல்லி வந்தவர். நாற்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பேசி முடித்துவிடலாம் என்றார். எதைப் பேசி, யாரிடம் முடிப்பது என்று கேட்டபோது பதில் இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான். இது பேசி முடிக்கும் வழக்கு அல்ல. ஆயுதச் சட்ட வழக்கைக் காவல் நிலையத்திலேயே கைவிட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச்செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். அவர் முதல் சந்திப்பிலேயே, எதிர்பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொன்னார். தோட்டா தடய அறிவியல் ஆய்வுக்குப் போகும், அது வெடிக்கும் நிலையில் உள்ளதா என்று அறிக்கை வரும். உரிமம் இன்றி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவு சொல்கிறது. அதற்குள் நாம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய மனுப் போடலாம்.

அவர் சொன்னதில் எனக்கு மூச்சு திரும்பியது இந்த இடத்தில்தான். வைத்திருப்பது என்றால் தெரிந்து வைத்திருப்பது என்றே நீதிமன்றங்கள் பொருள் கொள்கின்றன. 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பையில் ஒற்றைத் தோட்டா, துப்பாக்கி எதுவும் இல்லை, பயணிக்கு அது இருப்பது தெரியாது என்ற நிலையில் தில்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் தெரியாது என்று வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். அங்கிருந்து தொடங்கியது அலைச்சல். மாப்பிள்ளை பயிற்சிக்கூடத்தின் ரசீதுகளைத் தேடி எடுத்தார். பையை அவர் வாங்கிய பில் இருந்தது. பயிற்சிக்கூடத்தில் அந்தப் பை தோளில் இருக்கும் பழைய புகைப்படம் ஒன்று அவருடைய நண்பரிடம் கிடைத்தது. நடந்ததை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று முத்திரை பெற்று அனுப்பினார். அப்போஸ்டில் இருந்தால் இந்திய நீதிமன்றத்தில் வெளிநாட்டு ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மைதானா என்ற வாதம் எளிதில் எழாது. நோட்டரியோடு நிறுத்திவிடாதீர்கள். இதற்கும் கூரியருக்கும் சேர்த்து இருபதாயிரம் ஆனது. இரண்டாவது வழக்கறிஞருக்கு எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். அவர் வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் வேலை செய்தார்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு கேள்வி ஓயாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பொருள், அங்கே கடை அடுக்கில் விற்பது, இங்கே ஐந்து ஆண்டு சிறை. எது சரி? படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023-ல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. டெக்சாஸில் 2015-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியோடு சோதனை வாசலுக்கு வந்துவிட்டால், அதைச் சுட்டிக்காட்டியதும் அவர் உடனே வெளியேறிப் போய்விடலாம், குற்றம் ஆகாது. நான் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைப் பலமுறை படித்தேன்.

ஆனால் அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் இல்லை என்பது அடுத்துத் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களும் சுற்றுலா விசாவில் போகிறவர்களும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் பெற்றவர் என்பதுபோல ஒன்றிரண்டு விதிவிலக்குகள்தான் உண்டு. பயிற்சிக்கூடத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். மாணவர் விசாவில் வந்து, அந்த அந்தஸ்தை இழந்த ஒருவர் ஃபுளோரிடாவில் பயிற்சிக்கூடத்தில் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவருடைய ரெஹைஃப் வழக்கில் 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துப்பாக்கி தன்னிடம் இருப்பதும் தன் விசா நிலையும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. தெரிந்து வைத்திருத்தல் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனவே, நண்பர்கள் அழைத்தார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போகும் பிள்ளைகளே, கிரீன் கார்டு வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். போனவர்கள் படத்தை வலைத்தளத்தில் போடுவதும் தனக்கு எதிரான சாட்சியைத் தானே எழுதி வைப்பதாகும்.

கரீபியன் கடலில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் என்ற தீவுகள் உள்ளன. 2024-ல் அங்கே விடுமுறைக்குப் போன அமெரிக்கர்கள் சிலர், பெட்டியில் மறந்துபோன தோட்டாக்களோடு பிடிபட்டார்கள். அப்போது அங்கே குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டுகளாக இருந்தது. நீதிமன்றம் விசேஷ சூழ்நிலை என்று ஏற்று அந்தக் கடும் தண்டனையைத் தவிர்த்ததால் அவர்கள் வீடு திரும்பினார்கள். மணிலா விமான நிலையத்தில் 2015-ல் வேறு மாதிரி கூக்குரல் எழுந்தது. பயணிகளின் பையில் ஊழியர்களே தோட்டாவைப் போட்டுவிட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்ற புகார். மக்கள் பெட்டிகளை நெகிழித் தாளால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, யாருக்கும் காயமே படாவிட்டாலும், கெட்ட எண்ணத்தோடு துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை. சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள். சுவிட்சர்லாந்தில் ராணுவத்தில் பணியாற்றுகிறவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் 2007-க்குப் பிறகு, சிறு விதிவிலக்கு தவிர, தோட்டாவை வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட 12 நாளில் எல்லா மாநிலங்களும் புதிய சட்டத்துக்கு உடன்பட்டன. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது.

நம் நாட்டு வரலாறும் ஒரே நேர்க்கோடு இல்லை. 1878-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்து, ஐரோப்பியர்களுக்கு விலக்குத் தந்தது. அந்த அவமானத்தின் நினைவில், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் விதிமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்களின் உரிமைகளில் சேர்த்தது. அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அரசியல் சட்டத்திலும் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. நமக்குக் கிடைத்தது 19-வது பிரிவில் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. இன்றும் குடகில் கொடவர்களுக்கு உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க விலக்கு இருக்கிறது. சென்னையில் உரிமம் கேட்கிறவர் மாநகரக் காவல் ஆணையருக்கும் மாவட்டங்களில் ஆட்சியருக்கும் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலானவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கியையும் ஒப்படைக்கச் சொல்லப்படுவார்கள்.

இந்தச் சட்டத்தால் இவ்வளவு பட்ட பிறகும் என் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று உறவினர் ஒருவர் கேட்டார். நம் சட்டத்தின் பக்கம்தான். தோட்டாவைக் கண்டால் ஊரே நின்று விசாரிக்கும் இடத்தில் வாழ்வதை நான் ஒரு சுதந்திரமாகவே நினைக்கிறேன். நங்கநல்லூர்ப் பள்ளியில் எந்தக் குழந்தையும் இருமலை அடக்கப் பழக வேண்டியதில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கியும் இல்லாமல், தெரியாமல் வந்த ஒற்றைத் தோட்டாவுக்கும் கள்ளத்துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் ஒரே பிரிவு, ஒரே குறைந்தபட்சத் தண்டனை என்பது அநியாயம். முதல் விசாரணையிலேயே தெளிவாகும் இத்தகைய வழக்குகளைக் காவல் ஆணையர் நிலையிலேயே எழுத்துமூலம் முடிக்க விதி வேண்டும். உயர் நீதிமன்றம்வரை போகப் பணமும் படிப்பும் எனக்கு இருந்தன. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு இது நேர்ந்தால் அவர் எங்கே போவார்?

பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் இதை யோசிப்பதே இல்லை. என் பாஸ்போர்ட் காலாவதியாகும் தறுவாயில் இருந்தது. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம், நீதிமன்ற அனுமதி பெற்றால் தருவார்கள். முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்தால் அது நிலுவை வழக்கு ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் என் விண்ணப்பம் காவல்துறைச் சரிபார்ப்பில் போய் நின்றது. மகளின் பிரசவத்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்ததில் எழுபதாயிரத்துக்கு மேல் நஷ்டம். சம்பந்தி அம்மாள் போய்ப் பார்த்துக்கொண்டார், அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். குழந்தை பிறந்த செய்தி வந்தபோது நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பேரனைச் செல்பேசித் திரையில் பார்த்து அழுதேன். இதுபோன்ற சிக்கலில் இருப்பவர்கள் பயணம் நெருங்கும்வரை காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே பாஸ்போர்ட் பற்றி வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

தடுப்பதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு: பிறர் தந்த பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, உள்துணியின் தையல் ஓரமாக விரலால் தடவிப் பாருங்கள். பிரிந்திருந்தால் கத்தரித்தே பாருங்கள். வேட்டைக்கோ பயிற்சிக்கோ ஒருமுறை போய்வந்த பை என்று தெரிந்தால், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் தோட்டா கிடைத்தால் குப்பையில் எறியாமல், வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் கடிதத்தோடு ஒப்படைத்து ரசீது பெறுங்கள். தோட்டாவோடு நிற்காமல் மற்றவற்றையும் யோசியுங்கள். நம் ஊரில் மகளுக்குத் தற்காப்புக்காக வாங்கித்தரும் மிளகுத்தூள் தெளிப்பான் பிரிட்டனில் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம். நம் சமையலறைக் கசகசாவை எடுத்துக்கொண்டு ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ சிங்கப்பூருக்கோ போனால் போதைப்பொருள் வழக்கு. அங்கிருந்து வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்: மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு.

உயர் நீதிமன்றம் என் மீதான வழக்கை ரத்து செய்துவிட்டது. மகஜரில் இருந்த உள்துணி என்ற சொல்லும் மாப்பிள்ளையின் உறுதிமொழிப் பத்திரமும் வாதத்தின் போது எடுத்துப் படிக்கப்பட்டன. ஆனால் உத்தரவு வந்ததோடு வேலை முடியவில்லை. சான்றளிக்கப்பட்ட நகல்கள் பல எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, அவர்கள் பதிவேட்டிலும் கணினியிலும் வழக்கு முடிந்ததாக மாற்றச் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த பாஸ்போர்ட் சரிபார்ப்பில் பழைய வழக்கு மறுபடி தலைகாட்டும். நான் நேரில் போய் அந்தப் பதிவை மாற்ற வைத்த பிறகுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.